ரிப்பன் மைக்: வீட்டு ஸ்டுடியோவுக்கு எப்போது வாங்கலாம், எப்படி வைக்கலாம்

போன வருடம் ஆனி மாதக் கடைசியில் வில்லிசைக்காரர் ஒருவர் பாளையங்கோட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தார். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாக்களில் முப்பது வருடமாகப் பாடுகிறவர். தான் பாடும் சுடலைமாடன் கதையில் ஒரு பகுதியைப் பேரனுக்காகப் பதிந்து வைக்க வேண்டும் என்றார். நுணுக்கமான சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் வகை மைக்கை நான் வழக்கம்போல நிறுத்திப் பதிந்தேன். பாட்டு நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் ஹெட்போனில் கேட்டபோது ஜால்ராவின் ஒவ்வொரு தட்டும் காதில் ஊசி மாதிரி இறங்கியது. வில்லில் தொங்கும் மணிகள் குரலுக்கு மேலே ஏறி நின்றன. "தம்பி, நான் பாடுறதவிட மணிதானே பெருசா கேக்கு" என்றார் அண்ணாச்சி.

அலமாரியில் இருந்த ரிப்பன் மைக்கை எடுத்து அதே இடத்தில் நிறுத்தி, அதே பகுதியை மறுபடி பாடச் சொன்னேன். இந்த முறை மணிகள் இருந்தன, குத்தவில்லை. அண்ணாச்சியின் தொண்டைக் கரகரப்பு, கதை சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்து ஏறும் விதம் எல்லாம் முன்னால் வந்துவிட்டன. ஒலியின் மேல், கீழ்ப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவை நான் தொடவே இல்லை.

அந்தப் பதிவைக் கேட்ட நண்பர்கள் சிலர் இது என்ன மைக், நாங்களும் வாங்கலாமா என்று விசாரித்தார்கள். வாங்கலாம். ஆனால் மற்ற மைக்கைப் போலப் பெட்டியைப் பிரித்து, மாட்டி, பாடிவிட முடியாது. இரண்டு மூன்று விஷயம் தெரியாமல் தொட்டால் ஒரே நாளில் கெட்டுப் போகும். என்னிடம் அப்படி ஒன்று கெட்டிருக்கிறது. அதையும் சொல்கிறேன்.

உள்ளே இருப்பது ஒரு தகடு

பள்ளிக்கூடத்தில் ஃபாரடே பாடம் படித்திருப்போம். கம்பியும் காந்தமும் ஒன்றையொன்று கடந்து அசைந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கும். பழைய சைக்கிள் டைனமோ விளக்கு எரிந்தது அந்த விதியால்தான். ரிப்பன் மைக்கிலும் நடப்பது அதுவே. இங்கே கம்பிக்குப் பதில் மெல்லிய அலுமினியத் தகடு. அதை அசைப்பது நம் குரல்.

சாக்லேட்டைச் சுற்றிவரும் வெள்ளித் தாளை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து நாலைந்து மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டையை வெட்டி, விசிறி மடிப்பது போலக் குறுக்கே நெருக்கமாக மடிப்பு வைத்து, மேல் முனையையும் கீழ் முனையையும் மட்டும் பிடித்துத் தொங்கவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான் ரிப்பன். இடது பக்கம் ஒரு வலுவான காந்தம், வலது பக்கம் ஒன்று. சத்தம் வந்து தட்டும்போது ரிப்பன் முன்னும் பின்னும் அசையும், அதிலேயே மின்சாரம் பிறக்கும்.

சாதாரண டைனமிக் மைக்கிலும் காந்தம் உண்டு. ஆனால் அதில் ஒரு சவ்வு, அதன் முதுகில் ஒட்டிய கம்பிச்சுருள் என்று இரண்டு பொருள். அந்தச் சுருளின் எடையையும் சேர்த்துத்தான் சத்தம் தள்ள வேண்டும். ரிப்பனில் அந்தச் சுமை இல்லை. தகடே சவ்வு, தகடே கம்பி.

எவ்வளவு மெல்லியது என்று ஒரு கணக்கு. ராயர் நிறுவனத்தின் ஆர்-121 என்ற மைக்கில் ரிப்பனின் தடிமன் 2.5 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்று பெரும்பாலும் 50 மைக்ரானுக்குக் குறையாது. சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளே சுமார் 10 மைக்ரானோ அதற்கு மேலோ இருக்கும். அந்தத் தாளில் நாலில் ஒரு பங்கு கனம்தான் இது. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போகும் எச்சரிக்கை எல்லாம் தானாகப் புரியும்.

அப்புறம், காதில் குத்தாமல் இருப்பது ஏன்? இழுத்துக் கட்டிய எந்தப் பொருளுக்கும் சொந்தமாக ஒரு சுருதி உண்டு. மிருதங்கத் தோலை இறுக்க இறுக்கச் சுருதி ஏறுவது தெரியும். கண்டென்சர் மைக்கின் சவ்வு இறுக்கமாக இழுக்கப்பட்டது. அதன் சொந்தச் சுருதியைப் பொறியாளர்கள் எவ்வளவோ அடக்கினாலும் பல மைக்குகளில் 8, 10 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு இருக்கும். வசனமும் மெல்லிய பாட்டும் தெளிவாகக் கேட்க அந்த மேடு உதவும். ஆனால் ஜால்ரா, வில்மணி, நாதஸ்வரம் எல்லாம் ஏற்கெனவே அந்த உயரத்தில் கூர்மையாக ஒலிப்பவை. கூர்மைக்கு மேல் கூர்மை சேர்ந்தால் குத்தத்தான் செய்யும். ரிப்பன் தளர்வாகத் தொங்குவதால் அதன் சொந்தச் சுருதி நம் காது கேட்கும் எல்லையின் அடிமட்டத்தில் கிடக்கிறது. மேலே மேடு இல்லை. பெரும்பாலான ரிப்பன்களில் மேல் பகுதி மெல்லச் சரிந்தும் போகும்.

இது புதுச் சரக்கு இல்லை. 1920களில் ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனத்தில் வால்டர் ஷாட்கியும் எர்வின் கெர்லாக்கும் இதைச் செய்து பார்த்தார்கள். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆர்சிஏவில் ஹாரி ஓல்சன் இதை ஸ்டுடியோவுக்கு ஏற்ற கருவியாக்கினார். பழைய வானொலிப் படங்களில் பாடகருக்கு முன்னால் மூட்டை கனத்தில் தொங்குமே, அது பெரும்பாலும் அந்த ஆர்சிஏ 44 வகைதான். கண்டென்சர் மைக் மலிவானபோது ரிப்பன் ஒதுங்கியது. டிஜிட்டல் பதிவு வந்து, எல்லாமே கொஞ்சம் கூராகக் கேட்கத் தொடங்கியபின் மறுபடி தேடப்பட்டது. நான் மேலே சொன்ன ஆர்-121 சந்தைக்கு வந்தது 1998இல்.

இரண்டு பக்கமும் காது, ஓரத்தில் செவிடு

வில்லிசை அண்ணாச்சி மைக்கைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இதுக்கு ரெண்டு பக்கமும் காது இருக்காக்கும்?" என்று கேட்டார். சரியான கேள்வி. ரிப்பனின் முன்பக்கமும் திறந்தது, பின்பக்கமும் திறந்தது. எனவே முன்னால் பாடினாலும் பின்னால் பாடினாலும் ஒரே அளவில் கேட்கும். ஆனால் ஓரத்திலிருந்து வரும் சத்தம் ரிப்பனின் இரு முகங்களையும் ஒரே நேரத்தில், ஒரே அழுத்தத்தில் தொடுகிறது. கதவை இரண்டு பேர் இரண்டு பக்கமும் சமபலத்தில் தள்ளுவது போல. கதவு நகராது, ரிப்பனும் அசையாது. இந்தக் கேட்கும் வடிவத்தை மேலிருந்து வரைந்தால் எட்டு என்ற எண் போல வரும். அதனால் எட்டு வடிவம் என்றே சொல்வார்கள்.

இதை எழுத்தில் படிப்பதைவிடச் செய்து பார்ப்பது நல்லது. ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவரை நாலடி தள்ளி நிறுத்தி ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். மைக்கை ஸ்டாண்டில் வைத்தபடியே மெல்லத் திருப்புங்கள். நேராக இருக்கும்போது குரல் முழுசாக இருக்கும். கால் வட்டம் திரும்பும்போது குரல் கரைந்துபோய், சுவரில் பட்டு வரும் எதிரொலி மட்டும் மிஞ்சும். இன்னும் கால் வட்டம் திருப்பினால் மறுபடி முழுக் குரல். முதல்முறை கேட்டபோது ஆள் அறையைவிட்டு வெளியே போய்விட்டாரோ என்று நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

என்னைப் பொறுத்தவரை, நம் ஊர் வீட்டு ஸ்டுடியோவுக்கு ரிப்பனின் பெரிய லாபம் இந்தச் செவிட்டுப் பக்கம்தான். பலர் குரலின் இதத்தை மட்டும் சொல்லி இதை விட்டுவிடுகிறார்கள். நம் வீடுகளில் ஸ்டுடியோக் கதவு இல்லை. கம்பி போட்ட ஜன்னல், சிமெண்டுச் சுவர், டைல்ஸ் தரை. சித்திரையிலிருந்து ஆடிவரை ஏதாவது ஒரு கோயிலில் கொடை நடந்துகொண்டிருக்கும். குழாய் ஸ்பீக்கர் தெருவைப் பார்த்துக் கட்டியிருக்கும். அந்த ஜன்னல் மைக்கின் ஓரத்தில் வரும்படி நாற்காலியை மாற்றிப் போட்டால் பாதி தொல்லை போய்விடும். முழுக்கப் போகாது. ஜன்னல் வழியே வந்த சத்தம் எதிர்ச்சுவரில் பட்டு முன்பக்கமாகவும் நுழையும். ஆனாலும் கண்டென்சர் மைக்கில் பதியவே முடியாது என்று விட்ட சாயங்காலங்களில் ரிப்பனில் பதிந்திருக்கிறேன்.

இடது வலது மட்டும் ஓரம் என்று நினைக்க வேண்டாம். ரிப்பனுக்கு நேர் மேலும் நேர் கீழும்கூடச் செவிடுதான். சீலிங் ஃபேனின் இரைச்சல் அதனால் வெகுவாகக் குறைகிறது. சத்தம்தான் குறையும், ஃபேன் காற்று ரிப்பனைத் தள்ளி உறுமல் சத்தம் உண்டாக்கும். எனவே பாடும்போது ஃபேனை அணைக்கத்தான் வேண்டும். பக்கத்து அறையில் ஓடுவது பரவாயில்லை.

பின்பக்கத்துக் காதை என்ன செய்வது? மைக்குக்குப் பின்னால் மூன்றடியாவது இடம் விடுங்கள், அதற்கு அப்பால் மெத்தையை நிமிர்த்தி வையுங்கள். எங்கள் வீட்டில் இலவம்பஞ்சு மெத்தை இரண்டு இருந்தது. ஒன்றைப் பழைய துணி காயப்போடும் ஸ்டாண்டில் சாய்த்து வைத்தேன். இதற்கென்று விற்கும் மெல்லிய ஃபோம் சதுரங்களைவிட அது நன்றாக எதிரொலியை விழுங்குகிறது. ஜமக்காளத்தை மூன்று மடிப்பாகத் தொங்கவிட்டாலும் ஓரளவு வேலை செய்யும். பாயைத் தொங்கவிட்டால் பயன் இல்லை.

எல்லா ரிப்பனும் எட்டு வடிவம் என்று சொல்லிவிட முடியாது. பேயர்டைனமிக் எம்160 என்ற மைக் 1957இலிருந்து வருகிறது. அதில் இரண்டு ரிப்பன்கள். பெரும்பாலும் முன்பக்கம் மட்டுமே கேட்கும். எதிரொலி அதிகமுள்ள சின்ன அறைக்கு அது நல்ல தேர்வு.

சின்னக் குரலுக்குப் பெரிய கெயின்

ரிப்பனில் பிறக்கும் மின்சாரம் மிகக் கொஞ்சம். மைக்குக்குள்ளேயே ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைத்து அதை உயர்த்தித்தான் வெளியே அனுப்புகிறார்கள். அப்படியும், ஒரே சத்தத்துக்கு எம்160 தருவது 1 மில்லிவோல்ட் என்றால் பலரும் வைத்திருக்கும் ரோடு என்டி1-ஏ கண்டென்சர் தருவது 25 மில்லிவோல்ட். ஷூர் எஸ்எம்58 சுமார் 1.85. ஆகவே எஸ்எம்58க்கே உங்கள் இன்டர்பேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) கெயின், அதாவது ஒலியைப் பெருக்கும் குமிழைக் கடைசிவரை திருப்ப வேண்டியிருந்தால் ரிப்பனுக்கு அது போதாது.

தொடக்கநிலை இன்டர்பேஸ்களில் பல 50 முதல் 60 டெசிபெல் வரை கெயின் தரும். 60 டெசிபெல் என்றால் வோல்டேஜை ஆயிரம் மடங்கு பெருக்குவது. நாதஸ்வரம், தவில், கிட்டார் ஆம்ப் போன்ற உரத்த சத்தங்களுக்கு இதுவே தாராளம். மெதுவாகப் பேசும் குரலுக்கோ, வீணைக்கோ, தள்ளி வைத்துப் பதியும் தம்புராவுக்கோ குமிழ் உச்சிக்குப் போய், உஸ் என்ற இரைச்சல் சேர்ந்துவிடும். அதற்கு மைக்குக்கும் இன்டர்பேஸுக்கும் நடுவே மாட்டும் சின்னப் பெருக்கிகள் உண்டு. க்ளவுட்லிஃப்டர், ஃபெட்ஹெட் என்பவை பலர் பயன்படுத்துவது. இருபது, இருபத்தைந்து டெசிபெல் கூட்டித் தரும். அவற்றுக்கு வேண்டிய மின்சாரத்தை இன்டர்பேஸின் 48 வோல்ட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, அதை மைக் பக்கம் போகவிடாமல் தடுத்துவிடும். இந்தத் தடுப்பு ஏன் முக்கியம் என்று அடுத்து வருகிறது.

இன்னொரு கணக்கையும் பெட்டியில் பார்த்து வாங்குங்கள். மைக்கின் மின்தடை 300 ஓம் என்று போட்டிருந்தால் இன்டர்பேஸின் மைக் உள்ளீட்டுத் தடை அதைப் போல ஐந்து மடங்காவது, அதாவது 1500 ஓமாவது இருக்க வேண்டும். குறைந்தால் அடிக்குரல் மெலிந்துபோகும்.

48 வோல்ட்

இன்டர்பேஸ் கேபிள் வழியே அனுப்பி, கண்டென்சர் மைக்குக்கு உயிர் கொடுக்கும் பேண்டம் பவர் ரிப்பனுக்கு ஆபத்து என்று எங்கும் சொல்வார்கள். பாதி உண்மை. மைக்கை மாட்டும் எக்ஸ்எல்ஆர் கேபிளில் மூன்று முனைகள். 1 தரை (எர்த்), 2உம் 3உம் சத்தம் போகும் வழி. பேண்டம் பவர் 2இலும் 3இலும் சரிசமமாக 48 வோல்ட்டை வைக்கிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை அவற்றுக்கு இடையே ஓட்டம் கிடையாது, ரிப்பனுக்கு எதுவும் ஆகாது. கேபிளில் ஒரு முனை தரையோடு ஒட்டினாலோ, மின்சாரம் இருக்கும்போதே பிளக்கைச் செருகினாலோ சமம் குலைகிறது. அந்த நொடியில் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஓர் உதை ரிப்பனுக்குப் போகும். 2.5 மைக்ரான் தகடு அந்த உதையில் இழுபட்டுத் தளர்ந்துவிடும்.

இதனால் புது ரிப்பன் வந்த அன்றே செய்ய வேண்டிய முதல் வேலை கேபிள்களைச் சோதிப்பது. மல்டிமீட்டரை பஸ்ஸர் நிலையில் வையுங்கள். கேபிளின் இந்தப் பக்கத்து 1இலும் அந்தப் பக்கத்து 1இலும் தொட்டால் சத்தம் வர வேண்டும். 2, 3க்கும் அப்படியே. பிறகு ஒரே பக்கத்தில் 1ஐயும் 2ஐயும், 1ஐயும் 3ஐயும், 2ஐயும் 3ஐயும் தொடுங்கள். மூன்று முறையும் அமைதியாக இருக்க வேண்டும். இதைச் செய்யும்போது பிளக் பக்கத்தில் கேபிளை வளைத்து ஆட்டிக்கொண்டே இருங்கள். என்னிடம் இருந்த ஆறு கேபிள்களில் ஒன்று நேராக வைத்தபோது சரியாக இருந்தது, வளைத்தபோது மட்டும் கீ என்றது. திறந்து பார்த்தால் தரைக் கம்பியின் ஒரு மெல்லிய இழை விலகி 3ஐத் தொட்டுத் தொட்டு மீண்டுகொண்டிருந்தது. மூன்று வருடம் அதே கேபிளில் கண்டென்சர் மைக் ஓடியிருக்கிறது.

கேபிளை மட்டும்தான் மீட்டரால் சோதிக்க வேண்டும். ரிப்பன் மைக்கின் முனைகளில் மீட்டரை வைக்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் மின்சாரம் தகட்டைத் தள்ளும்.

விலை குறைந்த இன்டர்பேஸ்களில் 48 வோல்ட்டுக்கு ஒரே பொத்தான், எல்லா வழிக்கும் சேர்த்து. ஒன்றில் கண்டென்சர், இன்னொன்றில் ரிப்பன் என்று மாட்ட நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன நடுப்பெருக்கி ஒன்றை ரிப்பன் வழியில் போட்டுவிட்டால் கவலை இல்லை. அது இல்லாமல் ரிப்பனை மட்டும் மாட்டுவதாக இருந்தால், பொத்தானை அணைத்துவிட்டு அரை நிமிடம் கழித்துச் செருகுங்கள். உடனே செருக வேண்டாம், உள்ளே கொஞ்சம் மின்சாரம் தேங்கி நிற்கும்.

ஆக்டிவ் ரிப்பன் என்று ஒரு வகை உண்டு. அதற்குள் பெருக்கி இருக்கிறது, அதற்கு 48 வோல்ட் வேண்டும். விலை கூடுதல், ஆனால் சாதாரண இன்டர்பேஸிலேயே நன்றாக ஓடும். வாங்கும் முன் உங்கள் மைக் எந்த வகை என்று இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்றும் கருமணலும்

என் முதல் ரிப்பன் மைக் போனது மின்சாரத்தால் இல்லை, ஆடிக் காற்றால். குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேற்குக் காற்று திருநெல்வேலிவரை என்ன பாடு படுத்தும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கயத்தாறு பக்கம் வரிசையாகக் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. அன்று பதிவு முடிந்து, மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு, புழுக்கம் தாங்காமல் மேற்கு ஜன்னலைத் திறந்தேன். சாப்பிட்டுத் திரும்பிவந்து மறுபடி பதிந்தபோது குரல் கம்மிப்போய், போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. கேபிளை மாற்றினேன், இன்டர்பேஸை மாற்றினேன். கடைசியில் மைக்கைப் படுக்கவைத்துக் கேட்டபோது ஒலி மாறியது. தகடு தொய்ந்துவிட்டது. புது ரிப்பன் போட வெளியூருக்கு அனுப்பி, வாங்கிய விலையில் பாதியைக் கொடுத்து, இரண்டு மாதம் காத்திருந்தேன்.

அதிலிருந்து ஒரு பழக்கம். பதியாத நேரத்தில் மைக்கின் தலையில் துணிப்பை. பதிவின் நடுவே டீ குடிக்கப் போனாலும் பை. ஸ்டாண்டோடு தூக்கி அடுத்த அறைக்குப் போகும்போதும் பை, ஏனென்றால் நடக்கும் வேகமே அதற்குக் காற்று. மூடிய பெட்டியில் வைத்துப் படாரென்று மூடியைச் சாத்துவதுகூட அதே கெடுதல்தான். உள்ளே அடைபட்ட காற்றுக்குப் போக வழி இருக்காது. படுக்கப் போட்டு வைத்தால் நாளாக ஆகத் தன் எடையிலேயே தொய்யும் என்பதால் நிமிர்த்தியே வைக்க வேண்டும். மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க யாராவது ஊத வந்தால் கையைப் பிடித்துவிடுங்கள். மேடையில் ஊதிப் பழகியவர்களுக்கு அது தன்னிச்சையாக வரும்.

இரண்டாவது எதிரி இரும்புத்தூள். சின்ன வயதில் உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைத் தாமிரபரணி மணலில் உருட்டி, ஒட்டிவரும் கறுப்புத் துகளைத் தாளில் தட்டி விளையாடாதவர்கள் குறைவு. ரிப்பன் மைக்கின் காந்தம் அந்தக் காந்தத்தைவிட வலுவானது. அதற்கும் தகட்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அங்கே ஒரு துகள் போய் நின்றால் தகடு உரசும், கரகரவென்று கேட்கும். தரையில் வைக்காதீர்கள். கிரில் பட்டறை, லேத் பட்டறை அருகே வீடு என்றால் மேசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வையுங்கள். துணிப்பை இங்கேயும் உதவும்.

எதற்கு எங்கே வைப்பது

முதலில் உள்ளங்கைச் சோதனை. மைக் வரப்போகும் இடத்தில் உங்கள் உள்ளங்கையை நீட்டி, பாடுகிறவரைப் பாடச் சொல்லுங்கள், வாசிக்கிறவரை வாசிக்கச் சொல்லுங்கள். கையில் காற்றுப் படுவது தெரிந்தால் ரிப்பனுக்கு அது கூடாத இடம். தள்ளிப் போங்கள், அல்லது ஓரமாகச் சாய்த்து வையுங்கள்.

குரலுக்கு ஒன்று முதல் ஒன்றரை அடி நல்ல தூரம். நெருங்க நெருங்க அடிக்குரல் வீங்கும். எட்டு வடிவ மைக்கில் இந்த வீக்கம் மற்ற மைக்குகளைவிட அதிகம். மெல்லிய குரலுக்குக் கொஞ்சம் நெருங்கிப் பாடினால் சதை போட்ட மாதிரி இருக்கும், ஏற்கெனவே கனத்த குரல் என்றால் குழம்பிப்போகும். வாய்க் காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர் திரை கட்டாயம். 'ப' வரும் இடங்களில் நாம் ஆங்கிலத்தைப் போல அவ்வளவு காற்றுத் தள்ளுவதில்லை என்றாலும், உரக்கப் பாடும்போது தள்ளத்தான் செய்கிறோம். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் மூக்கு உயரத்தில் வைத்துச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்தால் காற்று அடியில் போய்விடும்.

நாதஸ்வரம் ரிப்பனுக்கென்றே பிறந்த வாத்தியம் என்று எனக்குத் தோன்றும். காருகுறிச்சி அருணாசலம் வாசித்த மண்ணில் இருந்துகொண்டு, அந்த வாத்தியத்தைக் கைபேசி மைக்கில் தகரச் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருப்பது வருத்தமான விஷயம். பலர் குழலின் அடியில் அகன்று விரியும் அணசுக்கு நேராக மைக்கைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். அங்கே கூர்மைதான் அதிகம். நாதஸ்வரத்தின் ஒலி விரல் துளைகள் வழியாகவும் வருகிறது. எனவே நாலைந்து அடி தள்ளி, குழலின் நடுப்பகுதிக்கு எதிரே, அணசு மைக்கைக் கடந்து வேறு பக்கம் பார்க்கும்படி நிறுத்துங்கள். அந்தத் தூரத்தில், வாயில் வைத்து ஊதும் சீவாளியின் சீற்றமும் குழலின் கனமும் கலந்து ஒன்றாகும். கூடத் தவில் இருந்தால் தவில்காரரை மைக்கின் செவிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொல்லலாம். சின்ன அறையில் தவில் சுவரில் பட்டு எப்படியும் வரும், அது போதும் என்கிற அளவுக்கே வரும். தவிலை மட்டும் தனியே பதிவதாக இருந்தால் குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கத்துக்கு அருகே ரிப்பனைக் கொண்டுபோகாதீர்கள். தோல் தள்ளும் காற்று நேராக வந்து மோதும்.

வில்லிசைக்கு இப்போது நான் செய்யும் ஏற்பாடு இது. பாடும் அண்ணாச்சி ஒரு பக்கம், பின்பாட்டுக்காரர் எதிர்ப்பக்கம், நடுவே ஒரே ரிப்பன். மேடையில் அவர்கள் எதிரெதிரே உட்காருவதில்லை. ஆனால் முகம் பார்த்துப் பாடும்போது "ஆமாம்" சொல்கிறவரின் ஈடுபாடே மாறுகிறது, அது பதிவில் தெரிகிறது. மைக் வாய் உயரத்தில் நிற்கிறது. வில் அதற்குக் கீழே, செவிட்டுப் பக்கத்தில் இருப்பதால் மணிகள் தாமாக அடங்குகின்றன. ஜால்ராவும் உடுக்கையும் ஓரத்தில். குடத்தின் அடியைத் தனியே ஒரு சாதாரண டைனமிக் மைக்கில் எடுத்துக்கொள்கிறேன். அளவு சரிசெய்வது கணினியில் இல்லை, ஆட்களை ஓரடி முன்னே பின்னே நகர்த்துவதில்தான். யாராவது அதிகமாகக் கேட்டால் அவரைச் செவிட்டுப் பக்கம் ஒரு சாண் நகர்த்தினால் போதும்.

புல்லாங்குழலுக்கு வாயின் நேரே வைக்கக் கூடாது என்பது உள்ளங்கையே சொல்லிவிடும். ஆர்மோனியத்துக்கு நன்றாக இருக்கும். பாளையங்கோட்டைத் தேவாலயப் பாடகர் குழு போல இருபது பேர் பாடினால் இரண்டு ரிப்பன்களை ஒன்றின் மேல் ஒன்றாக, ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் நிறுத்தி ஸ்டீரியோவாகப் பதியலாம். ஆலன் ப்ளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1931இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை அது. இரண்டு மைக் வாங்கும் நிலை வரும்போது பாருங்கள்.

பதிந்தபின் மந்தமாக இருக்கிறது என்று தோன்றினால் பயப்பட வேண்டாம். ஈக்யூவில் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே மூன்று நாலு டெசிபெல் ஏற்றினால் தெளிவு வந்துவிடும். கண்டென்சரில் அதே அளவு ஏற்றினால் குத்தும், இதில் குத்தாது.

வாங்கும்போது

முதல் மைக்காக ரிப்பனை வாங்காதீர்கள். புத்தகம் வாசிப்பதும் பேசுவதும் மட்டுமே வேலை என்றால் நல்ல டைனமிக் மைக் ஒன்று போதும். மெல்லிய வாத்தியங்களின் நுணுக்கம் வேண்டும் என்றால் கண்டென்சர். அதில் பதிந்து பதிந்து, இந்தக் கூர்மையை என்ன செய்வது என்று உங்களுக்கே தோன்றும் நாளில் இரண்டாவது மைக்காக ரிப்பனுக்கு வாருங்கள். ராயர், கோல்ஸ் போன்றவை லட்சத்தைத் தாண்டும். எம்எக்ஸ்எல் ஆர்144 போன்ற மலிவு மைக்குகள் பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும். இவற்றில் மேல் பகுதி இன்னும் சரிவாக இருக்கும், ஆனால் நாதஸ்வரத்துக்கும் வில்மணிக்கும் அதுவே தோதாகவும் இருக்கிறது. மலிவு மைக்கும் நடுப்பெருக்கியும் சேர்த்து ஒரு பட்ஜெட் போடுங்கள். நல்ல கனமான ஸ்டாண்டையும் அதில் சேருங்கள். காந்தத்தால் இந்த மைக்குகள் கனம். லேசான ஸ்டாண்ட் தலைகுப்புறச் சாயும்.

பழைய மைக் வாங்கினால் நேரில் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். முன்பக்கம் பேசிப் பதியுங்கள், அதே தூரத்தில் பின்பக்கம் பேசிப் பதியுங்கள். ஒலியின் தன்மை கொஞ்சம் மாறலாம், அளவு மாறக் கூடாது. மைக்கை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சாய்க்கும்போது கரகரப்போ ஒலி மாற்றமோ வந்தால் தகடு தொய்ந்திருக்கிறது, உரசுகிறது. விற்பவர் அதைப் படுக்கப் போட்டு வைத்திருந்தாரா, நிமிர்த்தி வைத்திருந்தாரா என்று வீட்டுக்குள் நுழையும்போதே பார்த்துவிடுங்கள்.

பதிவு முடிந்ததும் நான் செய்யும் வரிசை இப்போது மாறுவதே இல்லை. கெயினைக் கீழே இறக்குகிறேன். 48 வோல்ட் பொத்தானைப் பார்க்கிறேன், எரிந்தால் அணைத்துவிட்டு அரை நிமிடம் நிற்கிறேன். மைக்குக்குத் துணிப்பையை மாட்டி, அதன்பிறகே கேபிளைக் கழற்றி, அலமாரியில் நிமிர்த்தி வைத்து, கதவை மெதுவாகச் சாத்துகிறேன். வேர்வை வழிய உட்கார்ந்திருக்கும் பாட்டுக்காரர்கள் அதுவரை பொறுத்துக்கொள்கிறார்கள். அப்புறம்தான் மேற்கு ஜன்னலைத் திறக்கிறேன்.